வெளிக்கப்பல் வராத சனிக்கிழமை

உங்கள் வீடுகளில் இப்போது சுவரளவு ரீவி இருக்கிறது. நினைத்த படத்தை நினைத்த நேரத்தில் போடுகிறீர்கள். பிடிக்காவிட்டால் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறீர்கள். அதனால் நான் சொல்லப்போகிற அந்தரம், அந்தத் தவிப்பு, உங்களுக்கு முழுதாக விளங்குமோ தெரியாது, பிள்ளைகளே. என்னோடு ஒரே பாயில் இருந்து ரீவி பார்த்தவர்கள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கு உடனே விளங்கும். அவர்களும் என்னைப் போலத் தலை நரைத்து எந்தெந்த நாட்டிலோ இருப்பார்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இடையிடையே அவர்களோடும் கதைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலைக்கு ரீவி வந்த புதிது அது. எங்கள் ஒழுங்கை பெரிய வீதியிலிருந்து துறைமுகப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கை. கருவாட்டு மணமும் கப்பல் எண்ணெய் மணமும் சேர்ந்து வரும். கோட்டைப் பக்கத்து மான்கள் சில நாட்களில் அதுவரை வந்து, தையல்கார அண்ணையின் கடை வாசலில் வெட்டிப் போட்ட துணித்துண்டை மணந்து பார்த்துவிட்டுப் போகும். அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் ரீவி. சவுதியில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்த ஒரு முஸ்லிம் அண்ணனின் வீடு அது, நானா என்போம். பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு முழு ஒழுங்கையும் வாசல் படலையில் நின்றது. அவருடைய மனைவியை, அக்கா என்கிற மாதிரி, ராத்தா என்போம். மூதூர்க்காரி. ரீவிக்கு ரோசாப்பூ நிறத்தில் உறை தைப்பித்து, கீழே குஞ்சம் வைத்திருந்தா. படம் தொடங்கும்போது அந்த உறையைத் தூக்குகிறதே ஒரு சடங்கு மாதிரி இருக்கும்.

சனிக்கிழமைகளில் இருட்டுப்படுகிற நேரத்தில் ஒரு இங்கிலீசுத் தொடர் போட்டார்கள். கொஞ்சப் பேரை ஏற்றிக்கொண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் போகிற ஒரு கப்பலின் கதை. அதன் சரியான பெயர் எங்களில் ஒருவருக்கும் வாயில் வராது. நானா அதற்கு வைத்த பெயர்தான் எங்களுக்குப் பெயர்: வெளிக்கப்பல்.

இந்தச் சொல்லை உங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் துறைமுகத்துக்குள் நிற்கிற, கரையோரம் ஓடுகிற கப்பல் எல்லாம் உள்கப்பல். பிறநாடுகளுக்குப் போய்வருகிற பெரிய கப்பல் வெளிக்கப்பல். "அவர் வெளிக்கப்பலில போறவர்" என்றால், வருடத்தில் ஒரு தரம் வீட்டுக்கு வருகிற, வாசனைச் சவர்க்காரம் கொண்டுவருகிற மனிதர் என்று அர்த்தம். ஆகாயத்தின் வெளியில் போகிற கப்பலுக்கும் நானாவுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

ஒருநாள் அன்புவழிபுரத்திலிருந்து எங்கள் மாமா வந்திருந்தார். அம்மாவின் தமையன், அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை. பாயில் இருக்காமல் கதிரையில் இருந்து பார்த்தார். கொஞ்சநேரம் பொறுத்துவிட்டு, "அது கப்பல் இல்லை. விண்கலம்" என்றார்.

"விண்கலமெண்டா என்ன சேர்?" என்று நானா கேட்டார்.

"வானத்தில போற கப்பல்."

"அதைத்தானே நானும் சொன்னனான்" என்றார் நானா.

எங்களுக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போய்விட்டது. மாமா அதற்குப் பிறகு அந்தப் படத்துக்கு வரவில்லை.

சனிக்கிழமை விடிந்தால் எங்களுக்கு இருப்புக்கொள்ளாது. பின்னேரம் போகப் போக இன்னும் மோசம். மஃரிப் தொழுகை முடிந்து நானா பள்ளியால் வந்தால்தான் பெட்டி திறக்கும். வேறு ஒருவரும் தொடக்கூடாது. நாங்கள் ஒழுங்கை முனையில் நின்று, தொப்பியோடு வருகிறவர்களை எல்லாம் நானா என்று நினைத்து எட்டிப் பார்ப்போம். அவர் யாரோடாவது நின்று கதைத்தால் எங்களுக்குக் கால் கொதிக்கும். "நானா, படம் தொடங்கிடும்" என்று ஒருவன் கெஞ்சுவான். "கப்பல் நான் இல்லாமப் போகாது மகன்" என்பார்.

பிறகு அன்ரெனா. கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள் அவை. மேற்கிலிருந்து சூடாக, புழுதியை அள்ளிக்கொண்டு வருகிற காற்று. பகல் முழுக்க அடித்து அன்ரெனாவைத் திருப்பிவிட்டுப் போகும். படம் வராது, பெட்டிக்குள் எறும்பு ஊருகிற மாதிரி வெள்ளைப் புள்ளிகள்தான் ஓடும். யாராவது கூரையில் ஏறி, குழாயைப் பிடித்துத் திருப்ப வேண்டும்.

"இப்ப?"

"இல்லை."

"இப்ப?"

"கொஞ்சம் மூதூர்ப் பக்கம்."

"இப்பவோ?"

"கூடிப்போச்சு. தம்பலகாமப் பக்கம் எடு. இன்னும், இன்னும். அங்கதான், விடாத."

விட்டால் போய்விடும். சில கிழமைகளில் ஒருவன் முழுப்படத்துக்கும் கூரையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே நடப்பதை நாங்கள் யன்னலால் கத்திச் சொல்லுவோம்.

சொல்லுவதற்கு எங்களுக்கும் பெரிதாக ஒன்றும் விளங்காது. இங்கிலீசு நானாவுக்குத்தான் தெரியும், அதுவும் சவுதித் துறைமுகத்து இங்கிலீசு. கப்டன் வெள்ளைத் தலையோடு ஒரு பெரிய கதிரையில் இருப்பார். சலூன் கதிரை மாதிரி சுற்றும். அவர் நெடுநேரம் கதைப்பார். முடிந்ததும் நானா திரும்பி, "பிராப்ளம் எண்டு சொல்றார்" என்பார். காதில் வயர் பூட்டிய ஒரு பெண் பதில் சொல்லுவாள், கையை விரித்து, கண் கலங்கி. நானா யோசித்துவிட்டு, "அவ சொல்றா, பெரிய பிராப்ளமாம்" என்பார்.

ஆனால் கதையின் நடு நரம்பை அவர் சரியாகவே பிடித்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு இறங்க ஓர் இடம் வேண்டும். அவர்களுடைய சொந்த ஊர் இல்லாமல் போய்விட்டது. கிழமைக்கு ஒரு கிரகத்துக்குப் போவார்கள், அங்கே ஒரு வில்லங்கம் வரும், திரும்ப ஏறிப் போவார்கள். "தொத்து வருத்தக்காரன் இருக்கிற கப்பலுக்கு மஞ்சள் கொடி போடுவாங்க தெரியுமா? ஒரு துறைமுகமும் எடுக்காது. அந்த மாதிரி இது" என்று நானா சொன்னார். துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மஞ்சள் கொடியோடு வெளியில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அதில் இருப்பவர்கள் கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இன்றைக்கு அந்தப் படத்தைப் போட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நட்சத்திரம் எல்லாம் கறுப்புத் துணியில் குத்தின ஓட்டைகள், ஒருதரம் துணி காற்றில் அசைந்ததை நானே கண்டனான். கப்பல் ஓட்டுகிற விசைகள் அடுப்புத் திருகிகள் போல இருக்கும். எல்லாக் கிரகமும் ஒரே கல்லுடைக்கிற இடம். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில்தான் அதை எடுத்தது என்று எங்களில் ஒருவன் சத்தியம் பண்ணினான். அதற்காகவே நாங்கள் ஒருநாள் பற்றைக்குள்ளால் நடந்து போய், துருப்பிடித்த அந்தப் பெரிய தாங்கிகளுக்கு முன்னால் நின்று, கப்டனுடைய குரலில் கத்திப் பார்த்தோம். குரல் திரும்பி வந்தது. நான் அதற்குப் பிறகு எவ்வளவோ படம் பார்த்துவிட்டேன், அந்தப் பயத்தோடு எதையும் பார்த்ததில்லை.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிது. முன்பல் இரண்டும் இல்லை.

எங்கள் அப்பாவும் வெளிக்கப்பலில் போனவர். எஞ்சின் அறையில் எண்ணெய் விடுகிற வேலை. அந்தக் கச்சான் தொடங்குகிற நேரம், கப்பல் கொம்பனிக்காரர் ஒருவர் வந்து படலையில் நின்று அம்மாவோடு மெதுவாகக் கதைத்துவிட்டுப் போனார். ஏதோ ஒரு தூர தேசத்துத் துறைமுகத்தில் அப்பா ஊர் பார்க்கப் போனவராம், கப்பல் வெளிக்கிடும்போது வரவில்லையாம். அவராக வராமல் நின்றிருக்கிறார். இது அம்மாவுக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரியும். எங்களுக்குச் சொல்லவில்லை.

அப்படிச் செய்கிறவனுக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு பெயர் இருந்தது. பாய்ஞ்சவன். கப்பலால் பாய்ஞ்சவன். அதற்கு முந்திய வருடம் வேறு ஒரு வீட்டுக்காரர் அப்படிப் பாய்ந்தபோது, தையல்கார அண்ணை மெசினை மிதித்துக்கொண்டே, "பாய்ஞ்சவர் நீந்தப் பழகினவரோ?" என்று போகிற வருகிறவர்களிடம் கேட்டுச் சிரிக்கவைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, வாய்தான். ஆனால் அந்த வீட்டுப் பெண் ஒரு விடியற்காலையில் பெட்டியோடு மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகில் ஏறித் தாய் வீட்டுக்குப் போய்விட்டா. அம்மா அதைக் கண்டவ. அதனால் அந்தக் காலம் முழுக்க, யார் அப்பாவைக் கேட்டாலும், "வெளிக்கப்பலில நிக்கிறார்" என்று ஒரே பதில் சொன்னா.

தம்பி அதைக் கேட்டான். சனிக்கிழமை நானா வீட்டில் வெளிக்கப்பலையும் பார்த்தான். இரண்டையும் சேர்த்துவிட்டான்.

அந்தத் தொடரில் எஞ்சின் பார்க்கிற ஆள் ஒருவர் வருவார். உயரமானவர். முகத்தை மூடிய இரும்புத் தொப்பி போட்டிருப்பார், கழற்றுவதே இல்லை. கதைக்கவும் மாட்டார். ஏதாவது பழுதென்றால் வந்து, கையால் தட்டித் திருத்திவிட்டுப் போவார். மூன்றாவதோ நாலாவதோ கிழமை, அவர் வந்த உடனே தம்பி பாயிலிருந்து எழும்பி, "அப்பா" என்றான்.

முழு வீடும் சிரித்தது. ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. நானா, "ஓம் மகன், உங்கட வாப்பாதான். பாருங்க, நடையைப் பாருங்க" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஆள் தோளைச் சரித்து நடக்கிற விதம் உண்மையில் அப்பாவைப் போலத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அது ஒழுங்கைக்கே ஒரு பகிடி ஆகிவிட்டது. ஞாயிறு காலையில் தையல்கார அண்ணை, "என்ன துரை, நேற்று அப்பா வந்தவரோ?" என்று கேட்பார்.

"வந்தவர். எஞ்சினைத் திருத்தினவர்."

"கதைச்சவரோ?"

"தொப்பி போட்டா எப்பிடிக் கதைக்கிறது?" என்பான் தம்பி, அவருக்கு ஒன்றும் தெரியாது என்கிற மாதிரி.

வீட்டில் அம்மாவிடம் வந்து சொன்னபோது அம்மா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தி நின்றது. பிறகு, "ஓம், வெளிக்கப்பலில எண்டு சொன்னனான்தானே" என்றா. ஒரு பிள்ளையின் பகிடி அவவுக்கு ஒளிய ஓர் இடமாக அமைந்துவிட்டது என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. பகிடி விட்டவர்கள் ஒருவரும் பொல்லாதவர்கள் இல்லை. பிள்ளை விளையாடுகிறான் என்று நினைத்தார்கள். அவன் விளையாடவில்லை.

பால்மாத் தகரப் பேணி ஒன்றில் நானாவைக் கொண்டு கண்ணுக்கு ஓட்டை வெட்டுவித்து, அவன் தலையில் போட்டுக்கொண்டு திரிந்தான். படம் எறும்பாகப் போனால் அழ மாட்டான், "அப்பா மழைக்குள்ள நிக்கிறார்" என்று மெதுவாகச் சொல்லுவான். ஒவ்வொரு கிழமையும் கப்பல் ஒரு கிரகத்தைக் கிட்டும்போது என் கையை இறுக்கிப் பிடிப்பான். அவர்கள் திரும்ப ஏறிப் போகும்போது பிடி தளரும். இந்தக் கிழமை ஏலாது, அடுத்த கிழமை இறங்குவினம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வருவான்.

ஒரு சனிக்கிழமை அது வரவில்லை.

உறையைத் தூக்கி, அன்ரெனாவைத் திருப்பி, எல்லாம் சரி. படம் கண்ணாடி மாதிரித் தெளிவு. அதில் ஒருவர் நின்று வயலுக்குப் பசளை போடுகிற விதத்தைச் சிங்களத்தில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். நாங்கள் முடியும்வரை பார்த்தோம், பசளைக்குப் பிறகு வரும் என்று. அடுத்த கிழமையும் பசளை. அதற்கடுத்த கிழமை, சேலை கட்டிய ஓர் அறிவிப்பாளர் சிரித்த முகத்தோடு இங்கிலீசில் ஏதோ சொன்னா. நானா இந்தமுறை பிராப்ளம் என்று சொல்லவில்லை.

"முடிஞ்சுதாம்" என்றார்.

"என்னது முடிஞ்சுது?" என்று தம்பி கேட்டான்.

"படம், மகன். இனிப் போடமாட்டாங்களாம். எடுத்தவங்களே நிப்பாட்டிட்டாங்களாம்."

"அவையள் இன்னும் இறங்கேல்லையே."

நானா ராத்தாவைப் பார்த்தார். ராத்தா உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றா, போடுவதா விடுவதா என்று தெரியாமல்.

போன வருடம் என் மகள் தன் போனில் தேடி எனக்கு ஒரு பக்கம் காட்டினாள். எங்கள் வெளிக்கப்பலை உலகத்தில் இன்னும் கொஞ்சப் பேர் நினைத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எஞ்சின்காரர் தொப்பியைக் கழற்றியிருந்தால் யாராக இருந்திருப்பார் என்று சண்டை பிடிக்கிறார்கள். பார்க்க ஆள் குறைவு என்று நிறுத்தினார்களாம். எங்கள் ஒழுங்கையை யாரும் எண்ணவில்லை. கூரையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவனையும் எண்ணவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள் இல்லை. தம்பி ஓர் இடத்தில் இருக்கமாட்டான். சாப்பாட்டுக் கோப்பையை வைத்தால் பிசைந்துவிட்டு எழும்பிப் போவான். துறைமுகத்தில் எந்தக் கப்பல் ஊதினாலும் படலைக்கு ஓடுவான். படுத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும், எனக்கு நித்திரை வராது. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கேட்டதற்கு, "எங்கட அப்பாவின்ர கப்பலை நிப்பாட்டிப்போட்டினம்" என்று சொல்லியிருக்கிறான். ரீச்சர் அதை, அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று விளங்கி, அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வந்தா. அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாமா வந்து பார்த்துவிட்டு, "ரீவி பாத்துப் பாத்துப் பிடிச்ச பைத்தியம். கோயிலில ஒரு நூல் கட்டுவிப்பம். அந்த வீட்டுப் பக்கம் விடாதை" என்றார். தடுத்தும் பார்த்தார்கள். தடுத்ததில் அவன் இன்னும் மெலிந்தான்.

நானாவுக்குத் தன் பெட்டியால் வந்த வினை என்று மனம் கேட்கவில்லை. ஒருநாள் பின்னேரம் தம்பியைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்தினார். நானும் போனேன்.

"மகன், உங்களுக்கு ஒரு சங்கதி தெரியுமா? வெளிக்கப்பல் வந்து சேர்ந்திட்டுது."

தம்பி அசையாமல் அவரைப் பார்த்தான். "எங்க?"

"துறைமுகத்துக்கு."

"எந்தத் துறைமுகம்?"

நானா இதை யோசிக்கவில்லை. "எங்கட துறைமுகம்தான், வேற எது?" என்றார்.

"எப்ப?"

"நேற்று."

"அப்ப ஏன் ஊதேல்லை?"

நானா என்னைப் பார்த்தார். "மெதுவா வந்தது" என்றார் கடைசியில். ராத்தா உள்ளுக்கிருந்து, "என்னத்துக்கு இந்தக் கதையெல்லாம் புள்ளைக்கு" என்று முணுமுணுத்தது கேட்டது. அவவுக்குத்தான் விளங்கியிருந்தது.

தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை, தம்பியைக் காணவில்லை.

அன்ரெனா திருப்புவதற்காக ஏணி எப்போதும் சுவரில் சாய்த்தே இருக்கும். அவன் கூரைக்குப் போய்விட்டான். நான் முற்றத்துக்கு வந்து பார்த்தபோது ஓட்டு முகட்டில் நின்று, அந்தக் குழாயைக் கட்டிப்பிடித்து, அதிலும் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் பால்மாப் பேணி. கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. குழாய் அவனோடு சேர்ந்து ஆடியது.

"மகன், அசையாதீங்க. உம்மா சொல்றன், அசையாதீங்க" என்றா ராத்தா. தையல்கார அண்ணை ஊசியைச் சட்டையில் குத்தியபடியே ஓடிவந்து ஏணியைப் பிடித்தார். நானா ஏறினார். சவுதியில் அவ்வளவு உயரத்துக் கிரேனில் இருந்தவர், தன் வீட்டுக் கூரையில் ஒவ்வொரு ஓடாகக் கையால் தட்டிப் பார்த்து ஏறினார்.

மேலே இருந்து தம்பியின் குரல் கேட்டது. "இங்க எல்லாம் உள்கப்பல்தான். வெளிக்கப்பல் ஒண்டும் இல்லை."

நானா அவனை இடுப்பில் பிடித்த நேரம் குழாய் முறிந்தது. அன்ரெனா ஓட்டில் உருண்டு முற்றத்தில் விழுந்தது. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெட்டியில் அதற்குப் பிறகு நல்ல படம் வரவேயில்லை, நானாவும் அதைத் திருத்த அவசரப்படவில்லை. அந்த உறையும் குஞ்சமும் அந்த வீடும்கூட இப்போது இல்லை.

அம்மா வந்தபோது ஒழுங்கை முழுக்க அங்கே நின்றது. மாமாவும் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "நான் சொன்னனானோ இல்லையோ? நாளைக்கே நூல் கட்டுவம்" என்றார்.

"நூலும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம் அண்ணா" என்றா அம்மா. தம்பியின் கையைப் பிடித்தா. அடிப்பா என்று நினைத்தேன். அடிக்கவில்லை. நேரே எங்கள் வீட்டுக் குசினிக்குக் கூட்டிப்போய், வெறும் அரிசி வாளியைக் கவிழ்த்து அதில் அவனை இருத்தி, தான் நிலத்தில் இருந்தா. நான் கதவடியில் நின்றேன். அம்மா என்னைப் போகச் சொல்லவில்லை.

"தம்பி, அப்பா அந்தக் கப்பலில இல்லை."

"அப்ப எந்தக் கப்பலில?"

"ஒரு கப்பலிலயும் இல்லை."

அம்மா அடுத்த சொல்லைத் தேடினா. எனக்குத் தம்பியைவிட வயது கூட. ஒழுங்கையில் புழங்குகிற அந்தச் சொல் அம்மாவின் வாய்வரைக்கும் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அம்மா எதற்காக இவ்வளவு நாளும் ஒரே பதிலைச் சொன்னா என்பதும் அந்த ஒரு நிமிசத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, "இறங்கிட்டார்" என்றா.

தம்பி பேணியைக் கழற்றினான். "இறங்கிட்டாரோ?"

"ஓம்."

"எங்க?"

"ஒரு ஊரில. எந்த ஊரெண்டு தெரியாது."

"விட்டவையே, இறங்க?"

"விட்டவைபோல."

"மஞ்சள் கொடி இல்லையோ?"

"இல்லை, அப்பன்."

"பிறகு இஞ்ச வருவாரோ?"

அம்மா அவன் கையிலிருந்த பேணியை வாங்கி நிலத்தில் வைத்தா. "அது எனக்குத் தெரியாது" என்றா. ஒரு பெரிய ஆள் எங்களுக்கு அப்படிச் சொன்னதை நான் அதற்கு முதல் கேட்டதில்லை.

நான் தம்பி அழப்போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் அழவில்லை. அவன் முகம் மெல்ல மெல்ல விரிந்தது, பல்லில்லாத அந்த வாய் முழுக்கச் சிரிப்பு. கிழமைக்குக் கிழமை அவன் என் கையை நெரித்துக்கொண்டு காத்திருந்தது இதற்குத்தானே. கப்டனால் ஏலாதது, காதில் வயர் பூட்டினவவால் ஏலாதது, அந்தப் படத்தை எடுத்தவர்களே கைவிட்டது. அப்பா இறங்கிவிட்டார். "எனக்குச் சோறு போடுங்கோ" என்றான். மத்தியானச் சோற்றை அப்படியே குழைத்துச் சாப்பிட்டான். அம்மா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தா. அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை என்று நினைக்கிறேன். நான்தான் பிறகு, வளர்ந்த பிறகு, சொல்லிக்கொடுத்தேன்.

அப்பா திரும்பி வந்தாரா என்று கேட்பீர்கள். வரவில்லை. எங்கோ ஒரு துறைமுகத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார் என்று ஒரு மாலுமி பல வருடம் கழித்துச் சொன்னார். அது உண்மையோ, எங்களைத் தேற்றச் சொன்னதோ, யாருக்குத் தெரியும். அம்மா ஆசுப்பத்திரியில் ஒரு வேலை எடுத்து எங்களை வளர்த்தா.

ஆனால் அந்தப் பின்னேரத்தை இன்னும் நான் முடிக்கவில்லை. தம்பி கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டு, நாங்கள் எழும்புவதற்குள் படலையால் வெளியே ஓடிவிட்டான். அம்மா பின்னால் ஓடினா. நானும் ஓடினேன். கூரையடியில் கூடியவர்கள் இன்னும் முழுதாகக் கலையவில்லை. தையல்கார அண்ணை அப்போதுதான் தன் கடைக்குத் திரும்பி, மெசினில் துணியை வைத்து மிதிக்கத் தொடங்கியிருந்தார். தம்பி நேரே அவருடைய வாசலில் போய் நின்று, ஒழுங்கைக்கே கேட்கச் சொன்னான்.

"எங்கட அப்பா இறங்கிட்டார்."

மெசின் நின்றது. நானாவும் ராத்தாவும் படலையில் நின்றார்கள். துறைமுகத்து ஒழுங்கை அது. கப்பலால் ஓர் ஆள் இறங்கிவிட்டார், வீட்டுக்கு வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அம்மா நடுவழியில் நின்றா. சேலைத் தலைப்பைக்கூட இழுத்து மூடவில்லை.

தையல்கார அண்ணை அம்மாவைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"எங்க இறங்கினவர், துரை?"

"தெரியாது. ஆனா தரையில."

அவர் மெசினிலிருந்த துணியை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். "தரையிலயெண்டா நல்லது" என்றார். "அம்மாட்டச் சொல்லு, வீட்டில துணி ஏதும் கிடந்தாக் கொண்டுவரட்டாம். உனக்கொரு சட்டை தைப்பம்."

"சரி" என்று சொல்லிவிட்டுத் தம்பி அடுத்த படலைக்கு ஓடினான், அங்கேயும் சொல்ல. பிறகு அதற்கடுத்த படலைக்கு. அம்மா அவனைத் திருப்பிக் கூப்பிடவில்லை.